பெரிய மாலை யாருக்கு

மண்ணூர்பேட்டையில் சிவராமனின் வால்வு பட்டறைக்கு ஆயுத பூஜைதான் தீபாவளி. லேத்துகளைத் துடைத்துக் குங்குமம் வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் அதில் கடைந்த உருப்படி ஒன்றைப் படைப்பார்கள். பெரிய மாலை எந்த மிஷினுக்கு என்று முதலாளி வாய் திறக்கக் கூடாது. அந்த வருஷம் சோறு போட்ட மிஷின் எதுவென்று தொழிலாளிகளே பார்த்துப் போடுவார்கள். அது எப்போதும் பால்ராஜ் ஓட்டும் பெரிய லேத்துக்குத்தான் போகும்.

இந்த வருஷம் காலையில் தலைக்குக் குளிக்கும்போதே சிவராமனுக்கு அந்த மாலை நினைப்புதான்.

பட்டறை வால்வுகள் வருஷக்கணக்காக ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தவை. போர் மூண்டு மேற்கு நாடுகள் தடை போட்டதும், ரஷ்யக்காரன் பக்கத்து வீட்டுச் சீனாவிடமே எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினான். சிவராமனின் ஆர்டர் நின்றது, லேத்துகள் படுத்தன. பிறகு அமெரிக்கா மிரட்டிய மிரட்டலில், ரஷ்யப் பணம் என்றாலே சீன வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. வேலி ஒன்றாக உள்ள இரண்டு வீட்டுக்காரர்கள் நேரே கொடுத்து வாங்க வழியில்லாமல், தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியதாயிற்று. பழைய ரஷ்ய வியாபாரி சிவராமனுக்குப் போன் செய்தார். சீன வால்வு மண்ணூர்பேட்டைக்கு வரும், உங்கள் பெயர் போட்டு எங்களுக்கு அனுப்புங்கள் என்றார்.

சிவராமன் சரி என்றார். மூடினால் ஆட்கள் தெருவில் நிற்பார்களே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. பட்டறையை மூடியவன் என்று நாலு பேர் முன்னால் உட்கார மனசில்லாததுதான் மீதிப் பாதி.

லேத் ஓட்டிய பால்ராஜ், கையில் பிடிக்கும் சின்ன கிரைண்டிங் மிஷினால் வால்வு மேலிருந்த சீன எழுத்தைத் தேய்த்தார். கூட வேலை செய்யும் கஸ்தூரி அதே இடத்தில் பட்டறைப் பெயரைக் குத்தினாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சிவராமன் கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தார். லேத்துகளின் முன்னால் படைக்க உருப்படி இல்லாமல் வெறும் எலுமிச்சம்பழம் இருந்தது. மூலையில் ஒரு ஸ்டூல் மேல் வாழையிலை போட்டு, அந்தக் கிரைண்டிங் மிஷினை உட்கார வைத்திருந்தார்கள். பெரிய சாமந்தி மாலைக்குள் அது முங்கிக் கிடந்தது. முன்னால் பொரி, கடலை, எழுத்தைத் தேய்த்து முடித்த ஒரு வால்வு.

"இன்னா பால்ராஜ் இது? எடுத்து லேத்துக்குப் போடுப்பா."

"நம்ப வழக்கம்தானே மொதலாளி. இந்த வருஷம் சோறு போட்டது இதான். மாத்திப் போட்டா சாமி கண்ணைக் குத்தும்."

"ஊட்ல புள்ளைங்க துன்னது இதாலதானே சார்," என்றாள் கஸ்தூரி.

இரண்டு பேர் குரலிலும் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. திட்டுகிறவனுக்குப் பதில் சொல்லலாம், நன்றி சொல்கிறவர்களுக்கு என்ன சொல்வது? சிவராமனுக்கு வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது. கற்பூரத்தை ஏற்றி, தன் பட்டறைப் பெயரை விற்றுக் கொடுத்த அந்த மிஷினுக்கு முதல் ஆரத்தி காட்டினார்.

தட்டு எல்லோரிடமும் போனது. கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசியில் அவரிடமே திரும்பி வந்தது.

"நீங்க ஒத்திக்கலியா சார்?" என்றாள் கஸ்தூரி.

"கை அழுக்கா கீதும்மா," என்று தட்டைக் கீழே வைத்தார் சிவராமன்.

அவர் காலையிலிருந்து ஒரு வேலையும் தொடவில்லை.