திட்டக் கூடாத தம்பி

என் வாய்க்குத் தடை போட்டது டாக்டர் அல்ல, அம்மா. தம்பிக்குப் பயமும் அதிர்ச்சியும் ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து அவனைத் திட்டக் கூடாது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பதவிசாகப் பேசினேன். வீட்டில் கதவைக்கூட யாரும் அறைந்து சாத்துவதில்லை.

காரணம் எனக்கு அத்துப்படி. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், அவன் ரத்தத்திலிருந்து வளர்த்த இதயத் தசை செல்கள் ஒரு தட்டில் துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியம் வெளியே வர வேண்டும், வேலை முடிந்ததும் உள்ளே போய்விட வேண்டும். பயந்தால் அட்ரினலின் ஊறும். அது கைனேஸ் என்ற புரதங்களைக் கிளப்பிவிடும். அவை கிடங்கின் கதவில் பாஸ்பேட்டைக் கொண்டுபோய் ஒட்டும். நமக்கெல்லாம் துடிப்பு வேகமாகும், அவ்வளவுதான். பிறவியிலேயே கதவு பழுதான என் தம்பிக்குக் கால்சியம் கண்ட நேரத்தில் கசியும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். கைனேஸைத் தடுக்கும் ரசாயனத்தை ஒரு சொட்டு விட்டால் தட்டில் செல்கள் சமர்த்தாகிவிடுகின்றன. மனிதருக்குக் கொடுக்க அது இன்னும் மருந்தே ஆகவில்லை.

இன்று மத்தியானம் அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். துடிப்பு தப்பியதும் நெஞ்சில் பதித்திருந்த கருவி மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்தது. அந்த வலியில் பயந்தான். பயத்தில் கால்சியம் மறுபடி கசிந்தது, கருவி மறுபடி அடித்தது.

"போட்ட ஊசியெல்லாம் போதல. மயக்க மருந்து ஏத்தினாத்தான் நிக்கும். அதுக்கான டாக்டர் வந்துட்டிருக்காரு. அதுவரைக்கும் பயப்படாம பாத்துக்குங்க," என்றார் டாக்டர்.

அம்மா கால்மாட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவன் தலையைத் தடவினேன். "ஒண்ணும் இல்லடா கண்ணா, சரியாயிடும்."

அவன் கண்கள் விரிந்தன. "கண்ணாவா? அக்கா... நான் செத்துடுவேனா?"

கருவி அடித்தது. உடம்பு தூக்கிப்போட்டது.

அடப்பாவி, என் கொஞ்சலுக்கா பயப்படுகிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எருமை மாடு! காலையில ஈரத் துண்டை என் மெத்தை மேல போட்டியே, அதை யாரு, உங்க தாத்தாவா வந்து எடுப்பாரு?"

"ஏய், வாயை மூடுடி!" அம்மா பதறினாள்.

அவன் உதட்டோரம் அசைந்தது. "அது... உன் துண்டு."

"என் துண்டா? வெக்கமா இல்ல உனக்கு?"

கட்டிலருகே இருந்த திரையில் துடிப்பு எண் கொஞ்சம் இறங்கியது. நான் விடவில்லை. என் சார்ஜரை உடைத்தது, கடைசி முட்டையைத் தின்றுவிட்டு அம்மாவைக் கைகாட்டியது என்று இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. குரலை இறக்கவே இல்லை. மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்து குழாயில் மருந்தை ஏற்றினார்.

"இன்னும் திட்டு," என்று முணுமுணுத்தான். இமை சரிந்தது.

நர்ஸ் என் தோளைத் தொட்டார். "மயங்கிட்டாரும்மா. இனிமே அவருக்குக் கேக்காது. கருவி அடங்குதான்னு இனிமேதான் தெரியும்."

நான் வாயை மூடினேன். அம்மா எழுந்து வந்து என் கையை இறுகப் பிடித்தாள்.

"நிறுத்தாதடி," என்றாள். "திட்டு."