இறக்கிவிட்ட புருவம்

பெரிதாக்கிச் சட்டம் போட்ட அம்மாவின் படம் சோபாவில் சாய்ந்திருந்தது. மகளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. போகட்டும், வயசைக் குறைத்தால் அம்மா ஒன்றும் சண்டைக்கு வரமாட்டாள். ஆனால் அந்த இடது புருவம் எங்கே? காலமெல்லாம் பஸ்களில் ஏறி இறங்கி டிக்கெட் பரிசோதித்தவள் அம்மா. "இப்பத்தான் இங்க வெச்சேன், காணோம்" என்று சட்டைப்பையைத் துழாவுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மேலே ஏறிய புருவம், வேலையை விட்ட பிறகும் இறங்கவில்லை. வீட்டில் யாரும் அதன் முன்னால் புளுகத் துணிய மாட்டார்கள். பேத்தி மட்டும் வேண்டுமென்றே புளுகுவாள், மாட்டிக்கொள்வாள், பாட்டி மடியில் விழுந்து சிரிப்பாள். படத்தில் இப்போது இரண்டு புருவமும் சமர்த்தாக ஒரே கோட்டில் இருந்தன.

பேத்தி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பாட்டிகிட்ட என்ன அளந்தாலும் நம்பிடுவாங்க போலிருக்கே."

மகள் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அம்மா மாதிரியே இல்லண்ணா."

"அழகா இருக்காங்கல்ல? நாளைக்கு நினைவுக் கூட்டத்த வெச்சுக்கிட்டு இப்ப என்ன நொய்நொய்ங்கிற?" போனை வைத்துவிட்டான்.

அண்ணன் எப்போதும் இப்படித்தான். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் போனில் உருகினான், நேரில் எட்டிப் பார்க்கவில்லை. துடைத்ததும் புரட்டிப் படுக்க வைத்ததும் இவள். இப்போது ஹால் பிடிப்பது, படம் போடுவது, மைக்கில் பேசுவது எல்லாம் அவன்.

படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"எங்கம்மா மூஞ்சிய ஏன் சார் இஸ்திரி போட்டு வெச்சிருக்கீங்க? புருவத்துல கை வைக்க யாரு சொன்னா?"

"நான் ஏம்மா தொடப்போறேன்?" ஸ்டுடியோக்காரர் பதறினார். "உங்கண்ணன்தான் எறக்கச் சொன்னாரு. என்னையே கேள்வி கேக்குற மாதிரி இருக்குன்னாரு."

 அவளுக்கு முன்னைவிடப் பெரிய ஆத்திரம் வந்தது.

"எடுத்தபடியே இருக்கிற படம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அதையே போட்டுக் குடுங்க. சுருக்கத்தோட."

மறுநாள் ஹாலில் அண்ணன் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தபோது, இவள் மேடையில் படத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பேசியவர்கள் எல்லாரும் அம்மாவைத் தெய்வமாக்கினார்கள். கோபமே வராதாம், அதிர்ந்தே பேசமாட்டாளாம். இவர்கள் எந்தப் பஸ்ஸில் போனார்களோ! இவளுக்கு எழுந்து கத்தலாம்போல இருந்தது.

கடைசியில் அண்ணன் மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

"வேலை எவ்வளவு இருந்தாலும், வாரா வாரம் அம்மாவ வந்து..." என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டே படத்தின் பக்கம் கையை நீட்டித் திரும்பினான். அப்படியே நின்றான்.

மைக் மட்டும் இரைந்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். போய் அவனைத் தாங்கலாமா என்று இவளுக்கு ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. பதில் சொல்லட்டும்.

"வந்து பாக்கணும்னு... நெனச்சுக்கிட்டே இருந்தேம்மா" என்றான் அண்ணன், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.