கன்ட்ரோல் எஃப்பும் கைகூப்பும் பொம்மையும்

மட்டாஞ்சேரியில் எங்கள் சமூகமடத்துக் கல்யாண மண்டபத்தின் முன்பதிவு முழுக்க என் கையில்தான். கை என்றால் இடது கை. வலது தோள் இறுகிப்போனதிலிருந்து மவுஸ் பிடிக்க முடியாது. எல்லாம் விசைப்பலகையிலேயே நடத்துவேன். யார் போன் செய்தாலும் சுண்டுவிரலால் கன்ட்ரோல், ஆள்காட்டி விரலால் எஃப். பெயரை அடித்தால் தேதி முன்னால் வந்து நிற்கும்.

அதில் மண்ணை அள்ளிப் போட்டான் சங்கர்ராம். காக்கநாட்டில் சாஃப்ட்வேர் வேலை. மடத்துக்கு இலவசமாகப் புது வெப்சைட் செய்து கொடுத்தான். அதில் கன்ட்ரோல் எஃப் அடித்தால் தேடல் வராது. நாகஸ்வரம் முழங்க, பட்டுப்புடவை கட்டிய பொம்மை ஒன்று எழுந்து, "வாங்கோ! என்ன வேணும்?" என்று கைகூப்பும். எஸ்கேப் அடித்தால் மறுபடியும் கைகூப்பும். மூட மவுஸ்தான் வேண்டும். நாசமாய்ப் போக! எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"பிரவுசரோட கீயை நீ எதுக்குப்பா பிடுங்கறே?" என்று கேட்டேன்.

"மாடர்ன் டிசைனாக்கும் மாமி. பழகிண்டா சரியாயிடும்."

தலைவர் கல்யாணராமன் மாமா அதற்கும் ஒருபடி மேலே போனார். "சுபாஷிணிக்கு முடியலேன்னா வேற ஆளைப் போட்டுடலாம். கமிட்டியில பேசறேன்."

என் வீடு ஓடுவதே இந்தச் சம்பளத்தில்தான்.

கமிட்டிக் கூட்டத்தில் சங்கர்ராம் பெரிய திரையில் வெப்சைட்டைக் காட்டினான். முன்பதிவுப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. நான் எழுந்தேன்.

"மாமா, உங்க பேத்தி கல்யாணம் என்னிக்குன்னு எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ."

"இதோ!" என்று விரல் சொடுக்கினான் சங்கர்ராம். பழக்கம் விடுமா? அவன் கை நேரே கன்ட்ரோல் எஃப்புக்குப் போனது.

நாகஸ்வரம் முழங்கியது. பொம்மை கைகூப்பியது.

மூடினான். பட்டியலை இறக்கினான், ஏற்றினான், பெயர் அகப்படவில்லை. பதற்றத்தில் மறுபடியும் அதே இரண்டு விரல்கள். "வாங்கோ! என்ன வேணும்?" கூடமே சிரித்து உருண்டது. அவன் காது சிவந்துவிட்டது.

"என்ன மோனே, எழுதின உனக்கே பழகலையோ?" விடுவேனா நான்! "நீ உன் சைட்டில எத்தனை பொம்மை வேணும்னாலும் நிறுத்திக்கோ. கீ, முன்னாடி உக்காந்திருக்கறவாளோடதாக்கும். அதைத் தொடாதே."

கல்யாணராமன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எடோ, முதல்ல அதை எடுத்துக் களை!"

அங்கேயே உட்கார்ந்து எடுத்தான். நான் போய் உட்கார்ந்தேன். இடது கையால் கன்ட்ரோல் எஃப், பெயர், எண்டர். "மேட மாசம் எட்டாம் தேதி, மாமா. காலம்பற முகூர்த்தம்." கைதட்டல் வாசல்வரை கேட்டிருக்கும். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சும்மா இருக்க முடியவில்லை. "வேற ஆளைப் போடறதா ஏதோ சொன்னேளே, மாமா?"

"அதுவா? அந்தப் பொம்மையைச் சொன்னேன்," என்றார் அவர்.