தூணுக்குப் பின்னால் விழுந்த கோல்

எங்கள் ஊர் ஸ்டேடியத்தின் வரலாற்றை ஒரே ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கம்தானே, மத்தியான டீ வருவதற்குள் முடித்துவிடலாம் என்று தலையை ஆட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை நகராட்சி அலுவலகத்தில் என் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே செய்துவிட்டேன்.

ஸ்டேடியத்தைப் புதுப்பித்துத் திறக்கப்போகிறார்கள். மேற்கு வாசலுக்கு, அந்த மைதானத்தில் முதல் கோல் அடித்தவரின் பெயரை வைப்பதென்று நகராட்சித் தலைவர் முடிவு செய்திருந்தார். "உங்க அப்பாதானேம்மா அடிச்சாரு? வரலாறு உங்க வீட்டுல உக்காந்து காபி குடிச்சிட்டிருக்கு. நீங்களே எழுதிடுங்க" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கோலும் ஒரு ஆள் மாதிரிதான். ஸ்டேடியத்தைத் திறந்த அன்று நடந்த முதல் ஆட்டத்தில், எங்கள் ஊர் அணியில் அப்பாவும் ஆடினார், அம்மாவின் அண்ணனான மாமாவும் ஆடினார். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மதில் சுவருக்கு வெளியே ஒலிபெருக்கிக்குக் கீழே, குடையும் இல்லாமல், பாதி ஊரோடு நின்று கேட்டிருக்கிறார். அப்பாவின் பெயரைச் சொல்லி கோல் என்றதும், நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்து, அந்தப் பையனுக்குத்தான் என் பெண் என்று சொல்லிவிட்டார். சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பந்து வெளியே போயிருந்தால் நான் கிடையாது.

கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. தையல்காரர் அல்லவா, தங்கையின் கல்யாண ரவிக்கையைத் தானே தைத்து வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியும் ஏறவில்லை. இத்தனைக்கும் கடை இரண்டு தெரு தள்ளித்தான். ஏதோ கல்யாண மனஸ்தாபம் என்று நானும் கேட்காமலே வளர்ந்துவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டு எழுதினால் போதாது, ஊரிலும் நாலு பேரைக் கேட்கலாமே என்று எனக்குப் புத்தி போனது. முதலில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் போனேன். அவர் அன்று உள்ளே இருந்தவர்.

"உங்க அப்பாவா? அடிச்சது உங்க மாமா இல்ல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்தே, "எங்க சித்தப்பா நேர்ல பார்த்தாரு. எதிர் அணிக்காரனே தன் கோலுக்குள்ள தள்ளிட்டானாம்" என்றார். கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு கதை. ஒன்று மட்டும் புரிந்தது. மதிலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் சந்தேகமே இல்லாமல் அப்பா என்றார்கள். உள்ளே உட்கார்ந்து கண்ணால் பார்த்தவர்கள்தான் தலையைச் சொறிந்தார்கள்.

சொறியத்தான் செய்வார்கள். அந்த இடம் முன்பு குளம். மூடித்தான் ஸ்டேடியம் கட்டினார்கள். நல்ல மழை பெய்தால் மேற்குப் பக்கம் இன்றைக்கும் குளமாகத்தான் இருக்கும். அன்று கொட்டிய மழையில் இடைவேளைக்கே கணுக்கால் சேறு. இருபத்திரண்டு பேரும் ஒரே நிறம். சட்டையும் தெரியாது, எண்ணும் தெரியாது, மூக்கும் முழியும்கூடத் தெரியாது.

பிறகு எப்படி ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள்? அன்று வர்ணனை செய்தவர் இன்னும் இருக்கிறார். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான். அவர் என்னை ஸ்டேடியத்துக்கே கூட்டிக்கொண்டு போய், பழைய மைக் அறையில் உட்காரவைத்து ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கிழக்கு கோல் தெரிந்தது, நடுமைதானம் தெரிந்தது. மேற்கு கோலைக் காணோம். அதை மறைத்துக்கொண்டு ஒரு தடித்த கான்கிரீட் தூண் நின்றது.

"கூரைய மொதல்லயே போட்டுட்டாங்க. மைக் ரூம் வேணும்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. தூண எடுத்தா கூரை எறங்கிடும். அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க" என்றார் வாத்தியார்.

"அப்போ அந்தப் பக்கம் கோல் விழுந்தா எப்படி சார் தெரியும்?"

"கூட்டம் கத்தும்ல? கத்துனா கோல்."

"யார் அடிச்சதுன்னு?"

"பந்து தூணுக்குப் பின்னாடி போகும்போது யார்கிட்ட இருந்துச்சோ அவர்தான்" என்றார், கூட்டல் கணக்குச் சொல்வதுபோல. "அன்னைக்குப் போகும்போது உங்க அப்பாகிட்ட இருந்துச்சு. வெளிய வரும்போது கோல். நடுவுல நடந்ததுக்கு நான் பொறுப்பில்லம்மா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பந்தாட்டத்தின் பாதி வரலாறு தூணுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. அதில் என் பெற்றோர் கல்யாணமும் அடக்கம்.

வீட்டுக்கு வந்தால், அப்பா திறப்பு விழாவுக்குத் தைத்த புதுச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிக் காக்கியைத் தவிர வேறு சட்டை ஒட்டாத உடம்பு. இப்போது கேட்காதே என்று மனசு சொன்னது. வாய் கேட்டுவிட்டது.

"அப்பா, அந்தக் கோல நீங்கதானே அடிச்சீங்க?"

அவர் காலர் பட்டனைக் கழற்றினார். "உண்மையச் சொல்லணும்னா, எனக்கே சரியாத் தெரியாதும்மா."

"என்னப்பா சொல்றீங்க!"

"பந்த எடுத்துட்டு ஓடினேன். வழுக்கிக் குப்புற விழுந்துட்டேன். கண்ணு, வாய் எல்லாம் சேறு. ஒரே கூச்சல். என்னன்னு புரியறதுக்குள்ள மைக்குல என் பேரச் சொல்றாங்க. மைக்குல சொன்னா சரியாத்தானே இருக்கும்? எழுந்து கைய தூக்கிட்டேன்."

"மாமா ஒண்ணும் சொல்லலயா?"

"பக்கத்துலதான் நின்னான். என்னையே பார்த்துட்டு நின்னான். சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிட்டான்னு நெனச்சேன்." அடுத்த பட்டனையும் கழற்றிக்கொண்டே, "விழும்போது கால்ல ஏதோ பட்ட மாதிரிதான் இருந்துச்சு. பந்தாத்தான் இருக்கணும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா ஏன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. அப்பாவின் பெயரை வாசலில் எழுதினால் மாமா இந்த ஜென்மத்தில் அம்மாவிடம் பேசப்போவதில்லை. மாமாவின் பெயரை எழுதினால், ஊர் முழுக்கத் தலைநிமிர்ந்து நடந்த மனிதர் புதுச் சட்டையோடு வீட்டில் உட்காரவேண்டும். காலையில் பெயரைக் கொடுத்தாகவேண்டும் என்று அலுவலகத்திலிருந்து இரண்டாவது தடவையாகப் போன் வேறு வந்தது.

அம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ப் புலம்பினேன். நறுக்கி முடித்த பிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, யார் யாரையோ கேட்ட நான் இவளைக் கேட்கவே இல்லை.

"நீ அன்னைக்கு எங்கம்மா இருந்த?"

"பொம்பளைங்க கேலரி. எங்கள டிக்கெட் இல்லாமலே விட்டாங்க. மேற்கு கோலுக்கு நேர் பின்னாடி."

"பார்த்தியா?"

"இந்தா, இந்த அடுப்பப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அடிச்சது உன் மாமாதான். சேத்துல என்ன, சாக்குல கட்டிப்போட்டாலும் என் அண்ணன எனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இத்தன வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"வீட்டுக்கு வரேன், உங்க தாத்தா கூடத்துல நின்னு, கோல் அடிச்சவனுக்குத்தான் எம் பொண்ணுன்னு குதிக்கிறாரு. நான் என்னத்தச் சொல்றது? கோல் அடிச்சது உங்க மகன்னா சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"பின்னாலயே அண்ணன் வந்து, நான்தான்பா அடிச்சேன்னான். உனக்குப் பொறாமைடான்னாரு அப்பா. அப்புறம் என் பக்கம் திரும்பி, நீ உள்ளதானே இருந்த, யார் அடிச்சதுன்னு கேட்டாரு. அண்ணன் என் வாயையே பார்த்துட்டு நிக்கிறான். மழையில சரியாத் தெரியலன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"உங்க அப்பாவ எனக்குப் பிடிச்சிருந்துச்சுடி. கோலுக்கு முன்னாடியே."

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினோம். அப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கோலுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார். வருத்தமா சந்தோஷமா, எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது. "மொதல்ல உன் அண்ணன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வா. வாசல் அப்புறம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சட்டையைக் கழற்றி மடித்துவைத்தார்.

அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. நானும் அவளும் நடந்தோம். இரண்டு தெருவும் அன்று ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று தெரியவில்லை. மாமா தலையைக் குனிந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் நிழல் துணிமேல் விழுந்ததும் நிமிர்ந்தார். மெஷின் நின்றது.

"அன்னைக்கு நான் பார்த்தேன் அண்ணே. நீதான் அடிச்ச. தெரியலன்னு நான் சொன்னது பொய்."

மாமா எழுந்து கத்துவார், வெளியே போ என்பார், அழுவார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். அவர் எதுவும் செய்யவில்லை. பயந்துபோனவர் மாதிரி அம்மாவைப் பார்த்தார்.

"நிஜமாவா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன அண்ணே?"

"ஊரே வேற பேரச் சொல்லிச்சு. அப்பா பொறாமைன்னாரு. நீயும் தெரியலன்னுட்ட. மொதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் வருஷம் போகப் போக எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. நான் அடிச்சேனா, அடிச்சதா நெனச்சுக்கிட்டேனா? உன்கிட்ட கேட்டுடலாம்னு எத்தனையோ தடவ உங்க தெரு முனை வரைக்கும் வந்திருக்கேன். நீ மறுபடியும் தெரியலன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது? திரும்பிடுவேன்."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். கோபம் என்று நாங்கள் நினைத்திருந்தது கோபமே இல்லை.

"இப்ப எம்மேல பாவப்பட்டுச் சொல்லாத. வாசலுக்குப் பேரு வேணும்னும் சொல்லாத. பேரு யார் பேர வேணா வெச்சுக்கட்டும்." மாமா ஸ்டூலை விட்டு எழுந்தார். "நிஜமா பார்த்திருந்தா சொல்லு. எந்தக் கால்ல அடிச்சேன்?"

எனக்குப் பகீரென்றது. வலதா இடதா, தப்பாகச் சொன்னால் எல்லாம் போச்சு. அம்மா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"கால்லயா? கால்ல எங்க அடிச்ச? ஓடி வந்த, நீயும் வழுக்கிட்ட. முட்டியில பட்டுல்ல உள்ள போச்சு!"

மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் கிடந்த டேப் நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"முட்டிதான்" என்றார். "அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கேவலமா இருக்கும்னு அப்பாகிட்டகூட கால்லன்னுதான் சொன்னேன்."

கை தானாக வேட்டிக்கு மேலே முட்டியைத் தடவியது.

"அப்போ நான்தான்" என்றார் மாமா.