செவ்வாய்க்கிழமைப் பிள்ளை

எங்கள் நாட்டில் பிள்ளை எந்தக் கிழமையில் பிறக்கிறதோ, அந்தக் கிழமை பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பிறந்ததால் நான் ஃபீஃபி. என்னோடு ஒரே கிளப்பில் பந்து ஆடிய பையன் வியாழக்கிழமை பிறந்ததால் யாவ். எங்கள் தலைநகர் அக்ராவில் ஓர் ஏஜெண்டு அவனுக்கு நாலு வயதைக் குறைத்து பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்தான். அந்த மகா புத்திசாலி தேதியையும் மாதத்தையும் தொடவில்லை, வருஷத்தை மட்டும் மாற்றினான். 2000 ஜூன் எட்டு வியாழன். 2004 ஜூன் எட்டு செவ்வாய். செவ்வாயில் பிறந்த ஆண் பிள்ளைக்குக் குவாபெனா என்றுதான் பெயர், பாஸ்போர்ட்டிலோ யாவ் என்று இருந்தது.

இந்த ஓட்டை எகிப்துக்காரன் கண்ணில் படாது, வெள்ளைக்காரன் கண்ணிலும் படாது. அதனால் யாவ் மூன்று வருஷம் எகிப்தின் போர்ட் சயீதில் எங்கள் கால்பந்து கிளப்புக்காகக் கவலையில்லாமல் கோல் அடித்துக்கொண்டிருந்தான். அவனை மறிக்க வருகிறவர்கள் முழங்காலைப் பார்த்து உதைப்பார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சிரிப்பான். நான் பின்வரிசையில் நின்று அதைப் பார்த்து வயிறெரிவேன். எனக்கு முப்பத்துமூன்று வயது, எழுந்திருக்கவே அரை நிமிஷம் ஆகும்.

அந்த டிசம்பரில் டென்மார்க்கில் ஒரு கிளப் அவனைக் கேட்டது. பாஸ்போர்ட்டின்படி பத்தொன்பது வயதுப் பையன், ஐந்து வருஷ ஒப்பந்தம். பேசி முடிக்க அவர்கள் அனுப்புகிற ஆள் பெடியாக்கோ என்று தெரிந்த அன்று யாவ் சாப்பிடவில்லை. நான் ஊரிலிருந்து வந்த காரக் கருவாட்டுத் தொக்கைத் திறந்து வைத்தும் கையை நனைக்கவில்லை.

பெடியாக்கோ எங்களவர். ஒரு காலத்தில் குமாசியில் ஆடியவர், இப்போது ஐரோப்பாவுக்கு ஆள் பிடிக்கிறவர். போன வருஷம் அலெக்ஸாந்திரியாவில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனிடம், தம்பி நீ என்ன கிழமை பிறந்தாய் என்று கேட்டாராம். கையிலிருந்த போனில் அந்த வருஷத்துக் காலண்டரைத் தள்ளிப் பார்த்தாராம். அதற்கு அடுத்த வாரமே பையனுக்கு ஆடத் தடை. இன்று அவன் ஊரில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். எகிப்தில் பந்து ஆடுகிற எங்கள் ஊர்க்காரர் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்.

"அண்ணே, நம்மாளு கையாலதான் எனக்குச் சாவு," என்றான் யாவ்.

நான் அவனை அதட்டினேன். ஆனால் எனக்கும் பயம்தான். பயிற்சியில் பந்து அவன் காலில் நிற்கவில்லை. காலி கோலுக்கு முன்னால் நின்று வானத்துக்கு அடித்தான். யாராவது போனை எடுத்துத் திரையைத் தள்ளினால்கூடத் திரும்பிப் பார்த்தான். இரண்டே வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனது.

வழி ஒன்றை நான்தான் கண்டுபிடித்தேன். எங்களில் சிலர் பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை அப்படியே வைப்பார்கள், கிழமையோடு சேர்த்து. தாத்தா வியாழக்கிழமை யாவ், பேரன் பிறந்தது செவ்வாய், ஆனாலும் பேரனும் யாவ். கேட்டால் இதைச் சொல், யாரும் மறுக்க முடியாது என்றேன். அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அம்மாவிடமும் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொன்னேன். அவள் டெச்சிமான் சந்தையில் கிழங்கு விற்கிறவள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அவளை ஏன் பொய்க்குள் இழுக்க வேண்டும் என்றேன். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லவில்லை. அவளோடு பேசவே எனக்குச் சங்கடம். யாவின் அண்ணன் ஆறு வருஷத்துக்கு முன்னால் பாலைவனம் தாண்டி லிபியாவுக்குப் போனவன். அங்கிருந்து இரண்டு முறை பேசினான், அப்புறம் பேச்சே இல்லை. எகிப்து லிபியாவுக்குப் பக்கம் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு போனிலும் முதல் கேள்வி அதுதான். அண்ணனைப் பற்றி யாரிடமாவது விசாரித்தாயா? அந்த அண்ணன் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை. அவன் பெயர் குவாபெனா.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று என் புத்தியில் உறைக்கவில்லை. இன்றுவரை நான் என்னையே திட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

பெடியாக்கோ ஒரு பகல் வேளையில் வந்தார். கிளப்பின் விருந்தினர் அறையில் உட்கார்ந்தோம், நான் மூத்தவன் என்று துணைக்கு. வெளியே கால்வாயில் படகு ஊதியது. அவர் தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டார், ஊர்க் கதை பேசினார், என் முழங்காலைப் பார்த்து இன்னுமா ஓய்வு கொடுக்கவில்லை என்று கிண்டல் செய்தார். நல்ல மனுஷர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு பாஸ்போர்ட்டைப் பிரித்தார். போனை எடுத்தார். விரலால் தள்ளினார், தள்ளினார், நிறுத்தினார்.

யாவின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. நான் என் காலால் அதை அழுத்தினேன்.

"யாவ்னு பேரு. நீ பொறந்தது செவ்வாயாச்சேப்பா?"

"தாத்தா பேருங்க ஐயா. அவர் வியாழக்கிழமை. அவரு பேரையே வச்சுட்டாங்க."

பெடியாக்கோ அவனை வெகுநேரம் பார்த்தார்.

"என் தம்பிக்கும் இப்படித்தான் வச்சாங்க," என்றார் கடைசியில். "ஆனா பெத்தவ வாய்க்குப் பொறந்த கிழமைதான் வரும். வீட்டுல உன்னைக் குவாபெனான்னுதானே கூப்பிடுவாங்க?"

ஆமென்று யாவ் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான்? ஆட்டும்போது அவன் கண் என் பக்கம் வந்து போனது.

முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் ஒப்பந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவின் மூடியைத் திருகினார். பிறகு, தாயின் வாழ்த்து வாங்காமல் நான் எந்தப் பிள்ளையையும் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை, அம்மா நம்பரைச் சொல் என்றார். யாவ் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். பாதியில் ஓர் எண் மறந்துபோனது, திரும்ப முதலிலிருந்து சொன்னான். நான் பேசுகிறேன் என்று கை நீட்டியும் பார்த்தான். பெரியவர்கள் முதலில் பேச வேண்டும் என்று பெடியாக்கோ சிரித்தார். தன் போனிலேயே கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

சந்தை இரைச்சல் கேட்டது. யாரது என்று அவள் குரல்.

"வணக்கம் தாயி. என் பேரு பெடியாக்கோ, எகிப்துலேருந்து பேசறேன். உங்க மகன் குவாபெனா இங்க என் பக்கத்துலதான் இருக்கான். நல்லா இருக்கான்."

இரைச்சல் மட்டும் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அவள் குரல் வந்தது, மெல்ல. "என்ன சொன்னீங்க ஐயா? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"குவாபெனாம்மா. உங்க பிள்ளை."

அவள் அழவில்லை. முதலில் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள், அக்கா, என் பிள்ளை கிடைச்சுட்டான் என்று. அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். கூடை ஒன்று கீழே சரிகிற சத்தம், பெண்கள் குலவையிடுகிற சத்தம், யாரோ கைதட்டினார்கள். அதற்கு நடுவில் யாவின் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டானா ஐயா, உடம்பில் காயம் ஏதும் உண்டா, அடித்தார்களா, இளைத்துவிட்டானா. யாவுக்கும் சொல்லணும், அவனும் அந்த ஊரில்தான் இருக்கிறான், குவாபெனா தம்பியைப் பார்த்தானா என்று கேட்டாள்.

பெடியாக்கோ போனைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், யாவைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். சந்தை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிடலாம். தாள் மேசையில் இருக்கிறது, பேனா திறந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு அம்மாவுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். வைத்துவிடு என்று நான் கண்ணால் காட்டினேன். ஆமாம், காட்டினேன். மறைக்கப் போவதில்லை.

யாவ் போனைக் கையில் எடுத்தான்.

"அம்மா. நான் யாவ்."

"யாவா? நீயும் அங்கதான் இருக்கியா? அண்ணன்கிட்ட குடுடா. அவன் குரலை ஒரே ஒரு வாட்டி கேக்கணும்."

"அண்ணன் இல்லம்மா. இங்க நான் மட்டும்தான். அந்த ஐயா என்னைத்தான் சொன்னார். நான்தான் செவ்வாய்க்கிழமை பொறந்தேன்னு அவர்கிட்டப் பொய் சொன்னேன்."

"நீ வியாழக்கிழமைடா," என்றாள் அவள், புரியாமல். "மழையில, விடியக்காலம். எனக்குத் தெரியாதா?"

"ஆமாம்மா. வியாழக்கிழமை. ரெண்டாயிரத்துல."

அதைச் சொல்லும்போது அவன் பெடியாக்கோவைப் பார்த்தே சொன்னான். பெடியாக்கோ தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். பேனாவை மூடினார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன், ஆனால் போகவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். போன் அவருடையது. அதைத் திரும்பக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

சந்தையில் குலவை ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கடைசியில் ஒருத்தி மட்டும் விஷயம் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தாள், அவளையும் யாரோ அடக்கினார்கள்.

"அப்போ குவாபெனா எங்கடா?" என்று கேட்டாள் அவன் அம்மா.

"தெரியலம்மா," என்றான் யாவ்.