எண்ணூறு முக்கோணத்தில் ஒரு வேப்பமரம்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம், தண்டையார்பேட்டையில் ஒரு கயிறு குடோனின் மேல்மாடியில் உட்கார்ந்தபடி செங்குட்டுவன் ஒரு காட்டையே உண்டாக்க வேண்டியிருந்தது. அவனோ எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவன். காட்டைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறான்.

ஜெர்மனிக்காரர் ஒருவர் வீடியோ கேம் செய்கிறார். கதாநாயகன் ஒரு தீவுக் காட்டுக்குள் ஓடுவான். ஓடுகிறவன் அங்கே தயார். மரங்கள் மட்டும் இங்கே. முதலாளி ஷாகுல் ஹமீது இந்த வேலையைப் பிடித்துவந்தது செங்குட்டுவனை நம்பித்தான். அதுவரை அவன் கல்யாண ஆல்பங்களில் மணமக்களை ரோஜாப்பூவுக்குள் உட்காரவைத்துக்கொண்டிருந்தான். மரம் தேறாவிட்டால் மறுபடியும் ரோஜாதான். நாலு வருஷமாக அதைச் செய்தவனுக்கு இப்போது ரோஜாவைக் கண்டாலே தும்மல் வந்தது.

ஒரு மரத்துக்கு எண்ணூறு முக்கோணம்தான் என்பது கண்டிப்பு. கம்ப்யூட்டருக்குள் எல்லாமே முக்கோணங்களை ஒட்டிச் செய்ததுதான். கூடிப்போனால் கேம் திக்கித் திணறும். எண்ணூற்றில் ஒரு கார் செய்துவிடலாம். மரத்துக்கு இலை இருக்கிறதே! இலைக்கு ஒரு முக்கோணம் என்றாலும் ஒரு கிளைக்கே பற்றாது.

முதல் மரத்தை, மரப்படம் ஒட்டிய ஒரே அட்டையாகச் செய்தான். ஆடுகிறவர் எந்தப் பக்கம் போனாலும் அட்டை அவர் பக்கமே திரும்பும். ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ராயபுரத்து ரோஸ்மேரி, நாலடி நடந்ததும் நிறுத்திவிட்டாள்.

"இன்னா குட்டுவா, எங்க போனாலும் மரம் என்னியே மொறச்சிகினு கீது? எங்க தெரு பசங்களே தேவல."

அடுத்து, இரண்டு அட்டைகளைக் குறுக்கே செருகினான்.

"மேலேர்ந்து பாத்தா கூட்டல் குறி. காடா இது, கணக்கு நோட்டா?"

மூன்றாவதில் இலைகளைத் திணித்து உருண்டையாக்கினான். இது காலிஃபிளவரா என்று ஜெர்மனியிலிருந்தே கேட்டு எழுதிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் உருப்படியான மரம் வராவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

"நெசமான மரத்த போட்டோ புடிச்சி ஒட்டு நைனா" என்று ஷாகுல் ஹமீது கேமராவை நீட்டினார்.

குடோன் வாசலிலேயே ஒரு வேப்பமரம். வெள்ளிக்கிழமை காலை அதைப் படம் பிடித்தால், இலையெல்லாம் சாம்பல் நிறம். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி. நாலு வருஷமாக அதன் கீழே டீ குடித்தவன், அந்த மரத்தின் நிறமே அதுதான் என்று நினைத்திருந்தான்.

நிழலில் ஆப்பக்கடை போட்டிருந்த பச்சையம்மாவிடம் பக்கெட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, கிளை கிளையாகக் கழுவ ஆரம்பித்தான். அன்றைக்கு ஆடி வெள்ளி என்பது அவன் புத்தியில் இல்லை. பச்சையம்மாவின் புத்தியில் இருந்தது.

"இன்னா வேண்டுதல் நைனா?"

"வேண்டுதல்லாம் இல்லக்கா, வேலைக்காக!"

"வேல கெடைக்கணும்னு வேண்டிகினு கீறான்டி, பாவம்!" என்று அவள் தெருவுக்கே அறிவித்தாள்.

பத்து நிமிஷத்தில் எட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்துவிட்டார்கள். கீழே இறங்க வழியில்லை. நனைந்த பேண்ட்டோடு மரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவன், வேறு வேலை இல்லாமல் மரத்தைப் பார்த்தான்.

உள்ளே இலையே இல்லை. இலையெல்லாம் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் காலி. சாலைப் பக்கத்தை லாரிகள் உரசி மொட்டையாக்கியிருந்தன. உச்சியைக் கரண்டு கம்பிக்காக வெட்டியிருந்தார்கள். மிச்சக் கிளைகள், நெரிசல் பஸ்ஸில் ஒதுங்கி நிற்பவரைப் போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இவன் செய்த மூன்று மரங்களும் தலையணைக்குப் பஞ்சு அடைத்த மாதிரி அல்லவா இருந்தன!

இறங்கிவந்தபோது அடிமரத்தில் மஞ்சளும் குங்குமமும், அதைச் சுற்றி ஒரு மஞ்சள் துணியும்.

"அக்கா, ஒரே ஒரு போட்டோ. அந்தத் துணிய மட்டும் அவுத்தீங்கன்னா…"

"சாமிக்குக் கட்டுனத அவுக்கறதா? கண்ணு பூடும். உனுக்கில்ல, எனுக்கு."

துணியோடு எடுத்தான். நுனிகளில் மட்டும் இலைக்கொத்துப் படங்களை ஒட்டினான். எழுநூற்றுத் தொண்ணூறு முக்கோணத்தில் மரம் முடிந்துவிட்டது. அவனே இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான்.

"காட்டுல லாரி ஏதுடா? ஒரு பக்கம் மொட்டையா கீதே" என்றாள் ரோஸ்மேரி. ஆனால் இந்தத் தடவை நாலடியில் நிறுத்தாமல் நடந்துகொண்டே இருந்தாள்.

"யானை ஒரசிச்சின்னு வெச்சிக்கோ."

குங்குமத்தை அழித்துவிட்டான். துணியை அழித்தால் அடிமரம் மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி ஆனது. நேரமும் இல்லை.

"அல்லா மேல பாரத்த போட்டு அனுப்பு" என்றார் ஷாகுல் ஹமீது. "அம்மன் துணி வேற கீது."

திங்கட்கிழமை பதில் வந்தது. மரம் பிரமாதம். ஆடுகிறவர்கள் காட்டில் வழி தெரியாமல் திண்டாடுகிறார்கள். சரியான பாதையில் நிற்கும் மரத்துக்கெல்லாம் அந்த மஞ்சள் துணியைக் கட்டிவிடவும். இன்னும் முப்பது மரம் வேண்டும். துணி யாருடைய யோசனை?

என்னுடையது என்று சொல்ல வாய் திறந்த செங்குட்டுவன், ஜன்னல் வழியே கீழே பார்த்துவிட்டான்.

"பச்சையம்மாக்காவோடது பாய்."

ஷாகுல் ஹமீது அப்படியே எழுதினார்: எங்கள் ஆலோசகர் திருமதி பச்சையம்மா.

சேதி சொல்லக் கீழே இறங்கினான். ஆலோசகர் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்.

"வேல கெடச்சிதா நைனா?"

"நெலச்சிதுக்கா."

"நான் சொல்லல?" என்று அவள் பக்கெட்டை அவன் பக்கம் காலால் தள்ளினாள். "பலிச்ச வேண்டுதல வுடக்கூடாது. வர வெள்ளியும் கழுவணும்."

அண்ணாந்து பார்த்தான். மூன்றே நாளில் இலைகள் பழையபடி சாம்பல் பூசிக்கொள்ள ஆரம்பித்திருந்தன.

"லுங்கி எடுத்துகினு வரேங்கா" என்றான்.