புறா வைத்த கைத்தடி

கண் இரண்டும் வீங்கிப் போய் வந்திருந்த யூஸ்டஸிடம் டாக்டர் ஒன்றைத்தான் சொன்னார்: இனித் தலைக்குச் சாயம் தொடவே கூடாது. எழுபத்தொரு வயதில் அது பெரிய இழப்பில்லை என்று அவர் நினைத்திருப்பார். யூஸ்டஸுக்கோ அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டில் தொண்ணூற்றிரண்டு வயதில் அம்மா மவுறீன் இருந்தார். பல வருடங்களுக்கு முன் மகனின் தலையில் முதல் நரைமுடியைக் கண்டு பிடுங்கி எறிந்தவர் அவர்தான். அன்று பகல் அவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அந்த வாரமே யூஸ்டஸ் சாயம் வாங்கி வந்தார். அம்மா மாதா கோயில் பூசைக்குப் போகும் நேரம் பார்த்து மனைவி பிறெண்டா பூசிவிடுவாள். முழங்கால் வலியும் அப்படித்தான். கதிரையிலிருந்து எழும்பும்போது வரும் முனகலை அவர் ஓர் இருமலால் மறைத்துக்கொள்வார்.

இப்போது மயிரடி வெளுத்து வந்தது. புளியந்தீவு வெயிலில், வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு திரிந்தார்.

"என்ன மனே தலையில?"

"தடிமல் மம்மா, மூக்கு ஓடுது."

"இந்த வெக்கையிலயா?"

தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வாவிக் கரை வரை நடந்தார், திரும்பினார், மறுபடியும் போனார். தன் மகன் கிழவன் என்று தெரிந்தால் அம்மா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். இந்த வயதில் திரும்பினால் எழும்பமாட்டார்.

அம்மா போன மாதம் கிணற்றடியில் சறுக்கினார். வாழ்நாளெல்லாம் தச்சு வேலை செய்த யூஸ்டஸ் முதிரை மரத்தில் ஒரு கைத்தடி கடைந்து கொடுத்தார். அம்மா அதைத் தொடவில்லை.

"உனக்கே இன்னும் நரைக்கல்ல. உன்ட அம்மாவுக்கு என்னத்துக்குத் தடி?"

தடி கதவுக்குப் பின்னால் கிடந்தது.

பிறெண்டா ஓய்வுபெற்ற சரித்திர ரீச்சர். முதியோர் சங்கத்தில் பேசுவதற்காக, சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்துச் சீனாவில் வயதானவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இதக் கேளுங்க. தாய் தகப்பன் உசிரோட இரிக்கிற வரைக்கும் மகன் தன்னக் கிழவன் எண்டு சொல்லப்படாதாம்."

"அங்கயுமா?"

"ஒருத்தர் எழுபது வயசில சின்னப்பிள்ளைட சட்டையப் போட்டு, அவங்களுக்கு முன்னால விழுந்து புரண்டு விளையாடினாராம்."

"அவருக்குச் சட்டை. எனக்குச் சாயம்."

"நீங்க புரண்டா ஆர் தூக்குற? எனக்கு ஏலாது."

யூஸ்டஸுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. உடனே எழும்பி மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"இரிங்க மனிசன். இன்னும் இரிக்கு. எழுபது வயசானவங்களுக்கு அரசாங்கமே கைத்தடி குடுத்த காலமும் இரிந்திரிக்கு. தடிட தலையில ஒரு புறா. புறாவுக்குச் சாப்பிடக்க விக்காதாம். கிழடுகளுக்கும் விக்கப்படாது எண்டு."

அடுத்த நாள் பின்பக்கத்தில் உளிச் சத்தம் கேட்டது. சும்மா இருக்க முடியாத கைகள் ஒரு பலாத் துண்டில் புறாவைச் செதுக்கித் தடியின் தலையில் பொருத்தின.

அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வாசற்படியில் இறங்கினார். கால் தவறியது. யூஸ்டஸ் தடியைப் போட்டுவிட்டு ஓடி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். அந்த ஓட்டத்தில் தொப்பி விழுந்துவிட்டது.

அம்மாவின் முகத்துக்கு நேரே அவருடைய தலை. அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு.

மவுறீன் விரலால் மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தார். யூஸ்டஸ் குனிந்தபடியே நின்றார். பிறெண்டா குசினி வாசலில் அசையாமல் நின்றாள்.

"எல்லாமே வெள்ளையா?"

"ஓம் மம்மா."

"அண்டைக்கு நான் படுத்துக் கிடந்ததுக்குத்தானா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அந்த ஒரு நாளைக்கு இவ்வளவு சாயமா, மனே?" படியில் மெல்ல உட்கார்ந்தார். "நீ இளந்தாரி மாதிரி ஓடித் திரியக்க நான் எப்பிடித் தடி ஊண்டுற? பாக்கிற சனம், இவன்ட தாயா, அம்மம்மாவா எண்டு கேக்கும். சுவரப் பிடிச்சுப் பிடிச்சு என்ட கையும் ஓஞ்சிட்டு."

கீழே கிடந்த தடியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "அதக் கொண்டா."

யூஸ்டஸ் தடியை எடுத்துக் கொடுத்தார். மவுறீன் அதன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"கோழியா?"

"புறா, மம்மா."

"கோழிதான்."

தடியை ஊன்றி எழும்பி, ஒருவரையும் பிடிக்காமல், வாவி தெரியும் வேலி வரை நடந்தார். யூஸ்டஸ் பின்னாலேயே போகப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். இருமல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அம்மாவுக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"பிறெண்டா, முழங்கால் நோகுது."

வேலியடியில் நின்ற மவுறீன் தடியை ஊன்றித் திரும்பினார்.

"அப்பிடியே இரி மனே. எண்ணெய் போட்டு விடுறன், வாறன்."